எண்பதைத் தாண்டாதவர்

வேகமானியின் ஊசி எண்பதில் நின்றது. வழி காட்டிக்கொண்டிருந்த கைப்பேசித் திரையின் ஓரம் எண்பத்தொன்று என்றது. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த தாமரை இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வேறு யாராக இருந்தாலும் மெச்சியிருப்பார்கள். பதினோரு வருடப் பழைய பிக்-அப், மீட்டர் இன்னும் இத்தனை சரியாகக் காட்டுகிறதே என்று. தாமரைக்கு அந்தச் சரிதான் பயமாக இருந்தது.

பக்கத்து இருக்கையில் அம்மா சந்திரகலா. மடியில் மஞ்சள் துணியால் வாய் கட்டிய மண்கலயம். அதற்குள் அப்பா. முந்தாநாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் வாழைமரம் இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு மரத்தைத் தோளில் வாங்கியபடியே உட்கார்ந்தார், சாய்ந்துவிட்டார். நேற்று எரித்தார்கள். இன்று காலை சாம்பல் எடுத்துக்கொண்டு, பந்திங் தாண்டிக் கடலுக்குப் போகிறார்கள். பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் தண்ணீர் இறங்கிவிடும், சேற்றில்தான் நடக்க வேண்டும் என்று பூசாரி எச்சரித்திருந்தார்.

தாமரையிடம் சொந்தக் கார் இருந்தது. அம்மா அதில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். அவர் அவருடைய வண்டியில்தான் போவார் என்றாள்.

அப்பா ராதாகிருஷ்ணன் பயந்த மனிதர். அதை அவர் மறைத்ததில்லை. கேரி தீவில் தோட்டத் தொழிலாளர்களின் லய வீட்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் செம்பனைக்குலை ஏற்றும் லோரியில் உதவியாளாகச் சேர்ந்தவர். அந்த லோரியில் பிரேக் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கும். கண்ணை உறுத்துகிறது என்று டிரைவர் சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து அதன் மேல் ஒட்டிவைத்திருந்தார். ஒருநாள் கால்வாய்ப் பக்கத்து வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் அங்கேயே உயிர்விட்டார். ராதாகிருஷ்ணனைக் குலைகளுக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்தார்கள். முதுகு முழுக்க முள். அந்தத் தழும்புகளைத் தாமரை சின்ன வயதில் விரலால் எண்ணியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவருக்கு விளக்குதான் தெய்வம், ஊசிதான் வேதம். இஞ்சின் எண்ணெய்க்கான எச்சரிக்கை விளக்கு மினுக்கினால் நடு மழையிலும் வண்டியை ஓரம் கட்டுவார். ஊசி எண்பதைத் தொட்டதும் கால் தானாக எழும். தீவிலும் பந்திங்கிலும் வாழைமரம், தென்னங்குருத்து, மாவிலை என்று வெட்டி ஏற்றி, பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்களுக்கும் கோயில்களுக்கும் கொண்டுவந்து கொடுப்பது தொழில். மாப்பிள்ளை வந்துவிடுவார், வாழைமரம் வந்து சேராது என்று மண்டபத்துக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அங்கே யாருக்கும் அவர் பெயர் தெரியாது. ‘எண்பது அண்ணே’ என்றால் தெரியும். அவரும் அதை ஒரு பட்டம் போலத்தான் வைத்துக்கொண்டார்.

தாமரை பாலிடெக்னிக் முடித்து சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தபோது, என்ன வேலை என்று கேட்டார். மீட்டரெல்லாம் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கிற வேலை என்றாள். அவர் சோற்றுத் தட்டில் கை வைத்தபடியே நிமிர்ந்தார்.

“மீட்டர் தப்பாக்கூட காட்டுமா?”

“எல்லா மீட்டரும் கொஞ்சம் தப்பாத்தான் காட்டும்பா. எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சா போதும்.”

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், அவள் கேட்காமலேயே சொன்னார்: “என் வண்டி மீட்டர நீ தொடாத.”

இப்போது அந்த மீட்டர் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது.

தாமரைக்குத் தெரிந்தது இதுதான். வண்டி செய்கிறவர்கள் வேகமானியை வேண்டுமென்றே சற்றுக் கூட்டிக் காட்டும்படி அமைப்பார்கள். எழுபத்தைந்தில் போகிறவனுக்கு எண்பது என்று காட்டினால் யாருக்கும் கேடில்லை. எண்பத்தைந்தில் போகிறவனுக்கு எண்பது என்று காட்டினால் கேடு. ஆகவே பிறந்தபடி இருக்கிற எந்த வண்டியிலும் ஊசி, கைப்பேசியைவிட மேலேதான் நிற்கும். இந்த வண்டியில் அந்த இடைவெளி காணாமல் போயிருந்தது. ஊசி திருந்திவிடவில்லை. சக்கரம் மாறியிருக்கிறது.

டயர்! எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பார்த்துப் பழகியதால் பார்க்காமல் விட்டிருக்கிறாள். வண்டியை வாங்கிய புதிதில், தீவில் கடல் ஏறிக்கொள்கிற நாட்களில் தோட்டப் பாதையில் வண்டியின் வயிறு தரையில் தட்டுகிறது என்று அப்பா உயரமான டயர்களாகப் பார்த்து மாட்டினார். அதன் பிறகு தேய்ந்தபோதெல்லாம் அதே அளவு. ஒவ்வொரு சுற்றிலும் வண்டி ஏறக்குறைய ஒரு சாண் கூடுதலாக நகர்கிறது. அந்தச் சாணை மீட்டர் அறியாது. அது சுற்றுகளை மட்டுமே எண்ணும்.

வேகம் பற்றி அவளுக்குப் பெரிய கவலை வரவில்லை. கூட்டிக் காட்டியதும் குறைத்துக் காட்டியதும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. அப்பா எண்பது என்று நம்பியது கிட்டத்தட்ட எண்பதுதான். ஆனால் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணுக்கு அப்படிக் கூட்டிக் காட்டும் மெத்தை கிடையாது.

கிள்ளான் தாண்டி பந்திங் சாலையில் திரும்பினார்கள். துறைமுகத்திலிருந்து வந்த கொள்கலன் லோரிகள் பின்னாலும் பக்கத்திலும் சேர்ந்துகொண்டன. அம்மா இரண்டு நாளில் முதன்முறையாகச் சாதாரணக் குரலில் பேசினாள்.

“இந்த வண்டிய விக்கணும்னா, அதுக்கு முன்னாடி விமலன்கிட்ட விட்டுடு. டைமிங் பெல்ட் மாத்தணும்னு அப்பா சொல்லிட்டிருந்தாரு. அடுத்த மாசம் விளக்கு வந்துடும், வந்த அன்னிக்கே போயிடறேன்னாரு.”

தாமரையின் பார்வை தூரம் காட்டும் எண்ணுக்குப் போனது. நூற்று நாற்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். இந்த வண்டியில் டைமிங் பெல்ட்டுக்கென்று ஒரு விளக்கு உண்டு. நூற்றைம்பதாயிரம் கிலோமீட்டர் தொட்டதும் எரியும். அந்த விளக்கு பெல்ட்டைப் பார்ப்பதில்லை. எண்ணைத்தான் பார்க்கிறது. எண்ணோ சக்கரத்தைப் பார்க்கிறது.

சாலையோரக் கிலோமீட்டர் பலகை ஒன்றைக் கடக்கும்போது சின்ன மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தாள். பிறகு பலகைகளை எண்ணினாள். எண்ணும்போது, தான் தப்பாக நினைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பத்தாவது பலகையில் மீட்டர் ஒன்பதைச் சற்றே தாண்டியிருந்தது. பத்துக்கு வரவில்லை.

இத்தனை வருடக் கணக்கு மனதுக்குள் தானாக ஓடியது. வண்டி உண்மையில் நூற்றறுபதாயிரத்தில் இருக்கிறது. மாற்ற வேண்டிய இடத்தைத் தாண்டி ஏறக்குறைய பத்தாயிரம் கிலோமீட்டர். அப்பா விளக்குக்காகக் காத்திருந்தார். அது எரிய வேண்டிய நாள் என்றைக்கோ போய்விட்டது.

டைமிங் பெல்ட் என்பது இஞ்சினுக்குள் மேலேயும் கீழேயும் இருக்கிற உறுப்புகளை ஒரே தாளத்தில் ஓடவைக்கிற பல் வைத்த ரப்பர் வார். அது சத்தம் போடாது. குலுங்காது. அறுகிற நொடிவரை வண்டி நன்றாகவே ஓடும். அறுந்தால் இஞ்சின் அங்கேயே செத்துவிடும். ஸ்டியரிங் கல்லாகும். பிரேக்கை நாலைந்து முறை மிதித்தால் அதுவும் இறுகிவிடும். கண்ணாடியில் பின்னால் வந்த கொள்கலன் லோரியின் முகம் நிறைந்திருந்தது. அதன் டிரைவர் கொட்டாவி விடுவதுகூடத் தெரிந்தது.

காலை எடுத்தாள். ஊசி எழுபதுக்கு இறங்கியது. லோரி விளக்கை அடித்தது. மறுபடி மிதித்தாள். ஒவ்வொரு மிதியும் தெரியாத ஒரு கயிற்றில் தொங்குவது போல இருந்தது. பாதை ஓரத்தில் ஒதுங்க இடமில்லை, கால்வாய்.

கைப்பேசியைத் தொடாமல் குரலாலேயே விமலனை அழைத்தாள். கிள்ளானில் வொர்க்ஷாப் வைத்திருப்பவர். அப்பாவின் வண்டியை வருடக்கணக்காகப் பார்க்கிறவர். நேற்று பாடை தூக்கியவர்களில் ஒருவர். அவள் டயரையும் பலகைகளையும் பற்றிச் சொல்லி முடித்தாள். அவர் மெதுவாகச் சொன்னார்.

“தங்கச்சி, போன மாசம் எண்ணெய் மாத்தறப்ப பெல்ட் கவர் பக்கம் கசிவு பார்த்தேன். எண்ணெய் பட்டா பெல்ட் ஊறிடும். இப்பவே தெறந்து பார்ப்போம்னேன். அண்ணே கேக்கல. ‘விளக்கு வரட்டும் லா’ன்னாரு.”

“எவ்வளவு தூரம் தாங்கும்ணே?”

“அதுதான் தெரியாது. ஊருக்கும் போய்ச் சேரலாம். அடுத்த சிக்னல்ல போயிடலாம். எடம் கெடைச்சா நிறுத்து. நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் பண்ணாத, அப்பதான் பெல்ட்ட ரொம்ப இழுக்கும். நான் இழுவை லோரியோட வரேன்.”

அழைப்பு முடிந்ததும் அம்மா கலயத்தை இறுக்கிக்கொண்டாள்.

“நிறுத்தக்கூடாது.”

தாமரை பெல்ட்டைப் பற்றி விளக்கப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை. புறப்படும்போது பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்: அஸ்தியோடு போகிற வண்டி திரும்பக்கூடாது, யார் வீட்டு வாசலிலும் ஒதுங்கக்கூடாது, கடல்வரை நிற்கக்கூடாது. சிக்னலில் நிற்பதுகூட அம்மாவுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. அப்போதெல்லாம் கலயத்தின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டதைத் தாமரை கவனித்திருந்தாள்.

“நிறுத்தினா என்னம்மா ஆகும்?”

“வந்தாச்சுன்னு நெனச்சு எறங்கிடுவாரு.” அம்மா கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தாள். “இந்த ரோட்டுலயா எறங்கணும் அவரு? இந்த லோரிங்க நடுவுலயா? உயிரோட இருந்தப்பவே லோரி பக்கத்துல வந்தா மூச்ச புடிச்சுக்குவாரு. என்னால அவர இங்க விட்டுட்டுப் போக முடியாது, தாமரை.”

தாமரையின் பயத்துக்கு எண் இருந்தது. அம்மாவுடையதற்கு இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வண்டியில், ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. நிறுத்தினால் அம்மா இனி ஒவ்வொரு இரவும் இந்தச் சாலையை நினைப்பாள். நிறுத்தாவிட்டால் நினைக்க ஆளே இல்லாமல் போகலாம்.

முன்னால் ஒரு பாலம் ஏறியது. ஏற்றத்தில் இஞ்சின் இழுத்தது. அந்த இழுப்பில் ஒவ்வொரு பல்லும் நழுவுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். டீசல் இஞ்சினின் வழக்கமான கடகடப்பு. அதில் எந்தக் குறையும் இல்லை. முந்தாநாள் காலையில் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். டீ குடித்தார். இன்னொரு டீ கேட்டார்.

பாலம் இறங்கியதும் இடது பக்கம் ஒரு பேருந்து நிறுத்தம் தெரிந்தது. அதற்கு அப்பால் கற்கள் பரப்பிய அகலமான இடம், துரியான் விற்கிறவர்கள் கடை போடுகிற இடம். இன்று காலியாகக் கிடந்தது. அதற்குப் பிறகு மறுபடி கால்வாய்.

அவள் சமிக்ஞை விளக்கைப் போட்டாள்.

“தாமரை, வேணாம்.”

“அப்பாவா இருந்தா நிறுத்தியிருப்பாரும்மா.”

“விளக்கு எரிஞ்சாத்தான் நிறுத்துவாரு!”

“எரிஞ்சாச்சும்மா. நமக்குத்தான் தெரியல.”

கற்களில் சக்கரம் கரகரத்தது. பின்னால் வந்த லோரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. அது போன காற்றில் வண்டி ஆடியது. தாமரை சாவியைத் திருகினாள். இஞ்சின் அடங்கியது.

அம்மா திட்டவில்லை. அழவும் இல்லை. குனிந்து, கலயத்தின் வாய்க்கு நெருக்கமாக, தூங்குகிற ஆளை எழுப்பாமல் பேசுவது போலச் சொன்னாள்.

“எறங்காதீங்க. இன்னும் வரல. வண்டிக்கு ஒடம்பு சரியில்ல. அவ்ளோதான். எறங்காதீங்க.”

ஒவ்வொரு லோரி கடக்கும்போதும் அதையே சொன்னாள். தாமரை கதவைத் திறந்து இறங்கி, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த சின்னத் தாளைப் பார்த்தாள். வண்டிக்கு உரிய டயர் அளவு அதில் இருந்தது. சக்கரத்தின் விலாவில் இருந்தது வேறு அளவு. தெரிந்த விடைதான். ஆனாலும் அங்கேயே வண்டியின் பக்கப் படியில் உட்கார்ந்தாள்.

பூசாரி அழைத்தார். தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது என்றார். வருவோம், நில்லுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

விமலன் இழுவை லோரியில் வந்து சேர்ந்தார். முதலில் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு வண்டி முகப்பைத் தூக்கி, மேல் கவரின் திருகுகளைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிடாமல் தாமரையை மட்டும் கூப்பிட்டார். பெல்ட்டின் ஓரம் எண்ணெயில் ஊறி உப்பியிருந்தது. ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு பற்கள் வேரோடு பிய்ந்திருந்தன. மூன்றாவது பல் ஒரு நாரில் ஆடிக்கொண்டிருந்தது.

“எப்படி இதுல வந்த நீ?” என்றார்.

அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “என்ன சொல்றாரு?”

“நிறுத்தினது நல்லதுன்னு சொல்றாரும்மா.”

அம்மா அந்தத் திறந்த முகப்பைப் பார்த்தாள். பிறகு விமலனிடம் கேட்டாள், பிக்-அப்பை லோரி மேல் ஏற்றினால் கடல்வரை கொண்டுபோக முடியுமா என்று. வொர்க்ஷாப்புக்குத்தானே கொண்டுபோகணும், இது எதிர்ப்பக்கம் என்று அவர் தொடங்கினார். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“போலாம்க்கா.”

பிக்-அப் சங்கிலியில் ஏறி லோரியின் முதுகில் உட்கார்ந்தது. மூன்று பேரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் அம்மா, மடியில் கலயம். விமலன் தாமதத்தை ஈடுகட்ட நினைத்து மிதித்தார். அம்மாவின் தோள் விறைத்தது.

“தம்பி, எண்பதுக்கு மேல போவாத.”

“என் மீட்டரு செத்து ரெண்டு வருஷம் ஆவுதுக்கா.”

அம்மா திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். தாமரை கைப்பேசியை எடுத்து, எண் தெரியும்படி விமலனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். மீதிப் பாதை முழுக்க அவள் அதை இறக்கவில்லை. எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. எண்பது வரும்போதெல்லாம் விமலன் தானாகவே காலை எடுத்தார்.

கடற்கரைக்கு வந்தபோது கடல் அங்கே இல்லை. சாம்பல் நிறச் சேறு விரிந்து கிடந்தது. தண்ணீர் தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு. பூசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இனி மாலைதான் என்று தயங்கினார். அம்மா செருப்பைக் கழற்றினாள்.

சேறு முதலில் கணுக்கால்வரை, பிறகு கெண்டைக்கால்வரை வாங்கியது. அம்மா இரண்டு கையாலும் கலயத்தை நெஞ்சோடு அணைத்திருந்ததால் கீழே பார்க்க முடியவில்லை. தாமரை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கால் வைக்க வேண்டிய இடத்தை முன்னால் மிதித்துப் பார்த்துச் சொன்னாள். ஒருமுறை கால் புதைந்து இருவரும் நின்றார்கள். அம்மா உடனே குனிந்தாள்.

“இன்னும் வரல.”

பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதால் தாமரை திரும்பவில்லை. திரும்பியிருந்தால், கரையில் லோரியின் முதுகில் உயரமாக நின்ற அந்தப் பிக்-அப் தெரிந்திருக்கும்.

தண்ணீர் முழங்காலைத் தொட்டது. குளிர்ந்திருந்தது. பூசாரி மந்திரத்தைத் தொடங்கினார். அம்மா மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்ததால் நேரமெடுத்தது. தாமரை உதவக் கை நீட்டினாள், அம்மா விடவில்லை.

“வந்தாச்சு,” என்றாள். “மெதுவா எறங்குங்க.”